பத்துப் பேர் போன ஏப்ரல்

எல்க் ஃபோர்க், இந்தியானா
ஏப்ரல் 8

அன்புள்ள ராய்ஸுக்கு,

வெண்டல் எழுதுவது. நீ நலமாக இருப்பதைப் பத்திரிகையில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். உங்கள் பல்கலைக்கழகத்தின் புது அரங்கத்துக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறாய். என் நலத்தை நீ விசாரிக்காமல் இருப்பதே நல்லது.

நாலு தடவை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. செய்தி அனுப்பினால் யாராவது அதைப் படம் பிடித்து ஊருக்கே காட்டிவிடுவார்கள். அதனால்தான் காகிதம். நாம் இருவரும் உதவிப் பயிற்சியாளர்களாக ஒரே அறையில் உட்கார்ந்து, ஒரு நாளைக்கு இருபது பள்ளிக்கூடப் பையன்களுக்கு 'எங்கள் அணிக்கு வா' என்று கையாலேயே கடிதம் எழுதியது உனக்கு மறந்திருக்காது. என் எழுத்தைக் கோழி கிளறியது என்பாய். அந்தக் கோழிதான் இப்போது கிளறிக்கொண்டிருக்கிறது.

எங்கள் சேதி உனக்குத் தெரிந்ததுதான். பதின்மூன்று பேர் கொண்ட எங்கள் கூடைப்பந்து அணியில் பத்துப் பேர் கல்லூரி மாறும் பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டார்கள். பெயர் ஏறிய நிமிடத்திலிருந்து எந்தக் கல்லூரியும் அவர்களைக் கூப்பிடலாம் என்பதால், எங்கள் பையன்களின் போன்கள் எல்லாம் தேனீக்கூடு மாதிரி ஆகிவிட்டன. சனிக்கிழமை கடைசி ஆட்டத்தில் தோற்றோம். திங்கட்கிழமை காலையில் என் அறை வாசலில் வரிசை. ஒவ்வொருவனும் கட்டிப்பிடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கோச், நீங்க எனக்கு அப்பா மாதிரி, ஆனா..." என்று ஆரம்பித்தான். நாலாவது பையன் வந்தபோது அந்த 'ஆனா'வை நானே எடுத்துக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து லோரெய்னிடம் சொன்னால், "ஒரே காலைல ஒம்போது பிள்ளைக்கு அப்பாவாயிட்டீங்க, ஒருத்தன் கூட வீட்ல தங்கலையே!" என்கிறாள். கட்டினவளுக்கும் என்னைப் பார்த்தால் சிரிப்புத்தான்.

பத்தாவது ஆள் கீயன் மாப்ரி. ஒரு வாரம் கழித்துத்தான் வந்தான். கட்டிப்பிடிக்கவில்லை, அப்பா என்று சொல்லவும் இல்லை. "பேர் குடுத்துட்டேன் கோச்" என்றான், அவ்வளவுதான்.

ராய்ஸ், நான் சுற்றி வளைக்கப் போவதில்லை. டிசம்பரில் உங்கள் அரங்கத்துக்கு அடிவாங்க வந்தோமே, அன்றைக்கு அவன் முப்பத்தொரு புள்ளி எடுத்தான். ஆட்டம் முடிந்து இரண்டு அணியும் வரிசையாகக் கை குலுக்கிக்கொண்டு போகையில், நீ அவன் கையை விடாமல் பிடித்துக்கொண்டு காதில் ஏதோ சொன்னாய். நான் பின்னாலேயே நின்று பார்த்தேன். என் முட்டாள்தனத்தைக் கேள்: எனக்குப் பெருமையாக இருந்தது! பாராட்டுகிறாய் என்று நினைத்துக்கொண்டு ஹோட்டல் வரைக்கும் பூரித்துப்போய் வந்தேன்.

எங்கள் விளையாட்டுத் துறைத் தலைவர் நேற்றுக் கூப்பிட்டு, "ஜூனுக்குள்ள ஒரு டீமைக் காட்டுங்க வெண்டல். இல்லன்னா நான் வேற கோச்சைக் காட்ட வேண்டியிருக்கும்" என்றார். கீயன் இருந்தால் மற்ற இடங்களை எப்படியாவது நிரப்பிவிடுவேன். பந்தை எடுத்துக்கொண்டு போய் ஆட்டத்தை நடத்துகிறவன் அவன். அவன் இல்லாவிட்டால் நான் ஆட்களைச் சேர்க்கலாமே தவிர அணியைச் சேர்க்க முடியாது. உனக்கு நாடு முழுக்கப் பையன்கள் கிடைப்பார்கள். இவனை மட்டும் விட்டுவிடு. வாய்விட்டுக் கேட்கிறேன், என்ன செய்வது.

உன் பழைய நண்பன்,
வெண்டல் க்ராஸ்



மின்னசோட்டா, சாலையோர விடுதி
ஏப்ரல் 24

அன்புள்ள ராய்ஸுக்கு,

உன் பதில் கிடைத்தது. "தொழில்டா வெண்டல், மனசுல வச்சுக்காத" என்று ஒரே வரி. கடித உறையில் எழுதிய விலாசம் அதைவிட நீளம்.

பதினாறு நாளில் என் காரில் ஆறாயிரம் மைல் ஓடியிருக்கிறது. பார்த்த பையன்கள் இருபத்தேழு பேர், பேசிய மாமாக்கள் நாற்பது பேர் இருக்கும். இப்போதெல்லாம் ஒவ்வொரு பையனுக்கும் பேரம் பேச ஒரு மாமா இருக்கிறார், அவர் யாருக்கும் மாமா இல்லை. ஒருவன் எங்கள் ஊருக்கு வர விமானம் ஏறினான். இறங்குவதற்குள் வேறு கல்லூரிக்குச் சரி சொல்லியிருந்தான். கூட்டிக்கொண்டு வரப் போன என் உதவியாளன் விமான நிலையத்திலேயே அதைப் போனில் படித்திருக்கிறான். ஆனாலும் பையன் பசிக்கிறது என்றானாம். பன்றி இறைச்சி சாண்ட்விச் வாங்கிக் கொடுத்து அடுத்த விமானத்தில் ஏற்றிவிட்டோம்.

வருகிற பையன்களுக்கெல்லாம் எங்கள் அணிச் சட்டையை மாட்டிப் படம் எடுக்கும் சடங்கு உங்கள் ஊரிலும் உண்டல்லவா? நாங்கள் கொடுப்பது கீயனின் மூன்றாம் எண் சட்டை. ஆறு பேர் அதைப் போட்டு, பந்தை விரலில் சுழற்றிக்கொண்டு முறைத்துவிட்டுப் போனார்கள். ஆறு பேரும் வேறு கல்லூரி சேர்ந்தார்கள். லோரெய்ன் இந்த மாதம் விருந்தாளிகளுக்காக ஒன்பது தடவை இறைச்சி ரொட்டி சுட்டிருக்கிறாள். "பத்தாவது பையன் வந்தா நானும் பட்டியல்ல பேர் குடுத்துடுவேன், பாத்துக்குங்க" என்று எச்சரித்திருக்கிறாள்.

கீயன் உங்கள் ஊருக்கு வந்துபோனதைப் படத்தில் பார்த்தேன். உங்கள் சட்டை அவனுக்குப் பொருந்துகிறது. முகம்தான் பொருந்தவில்லை. அல்லது எனக்கு அப்படிப் பார்க்கத் தோன்றுகிறது.

இனி எழுதுவதை நீ யாரிடமும் சொல்ல மாட்டாய் என்று நம்புகிறேன். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அது நான்தான். போன நவம்பரில், பருவம் தொடங்குமுன் ஒரு பயிற்சி ஆட்டத்துக்கு இங்கிருந்து ஒரு சின்னக் கல்லூரியை அழைத்திருந்தோம். ஏபெல் லுண்ட் என்று ஒரு ஒல்லிப் பையன், தூரத்தில் நின்றே எங்கள் தலைக்கு மேலாக எட்டு மூன்று-புள்ளிப் பந்துகளைப் போட்டான். ஆட்டம் முடிந்து வரிசையில் வந்தபோது அவன் கையை நானும் விடவில்லை. "நீ இங்க இருக்க வேண்டியவன்டா தம்பி" என்றேன். உன் டிசம்பருக்கு முன்னால் வந்தது என் நவம்பர், ராய்ஸ். அவன் போன வாரம் பெயர் கொடுத்தான். அவனுக்காகத்தான் இந்த ஊருக்கு வந்தேன்.

காலையில் உணவுக்கடையில் உட்கார்ந்திருந்தேன். எதிர் மேஜையில் இரட்டைக் குழந்தைகளுக்கு அப்பம் பிய்த்துக் கொடுத்துக்கொண்டு ட்ரென்ட் ஹால்வர்சன் உட்கார்ந்திருந்தார். ஏபெலின் கோச். முப்பத்து நாலு வயது இருந்தால் அதிகம். நான் தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டேன். அவரே எழுந்து வந்தார். ஏபெலைப் பார்க்க வந்ததை நான் மென்று விழுங்கிச் சொல்வதற்குள், "தெரியும் கோச். நவம்பர்லயே தெரியும். அவன் பின்னாடிதானே நின்னுட்டிருந்தேன்" என்றார். சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன். அவர் உப்புக் குப்பி கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். அந்த ஊர் ஏரியை இரண்டு தடவை காரில் சுற்றினேன். திரும்பிப் போய்விடலாம் என்றுகூட நினைத்தேன். பிறகு போய் ஏபெலின் அப்பா அம்மாவிடம் பேசி, சம்மதம் வாங்கிக்கொண்டுதான் விடுதிக்கு வந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் பையனை விடவில்லை பார். நீயும் இப்படித்தான் டிசம்பரில் இருந்தாயா? உனக்கு வெட்கமாவது இருந்ததா?

இன்னும் கீயன் உங்களுக்குக் கையெழுத்துப் போடவில்லை என்கிறார்கள். நான் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

வெண்டல்



எல்க் ஃபோர்க்
மே 11

அன்புள்ள ராய்ஸுக்கு,

கீயன் உங்களிடம் கையெழுத்துப் போட்டுவிட்டான் என்று நேற்றுப் பார்த்தேன். வாழ்த்து எழுத மனம் வரவில்லை. திட்டி எழுதிய இரண்டு காகிதங்கள் குப்பைக்கூடையில் கிடக்கின்றன. இது மூன்றாவது.

எங்கள் பக்கம் பதினொரு பேர் சேர்ந்துவிட்டார்கள். தலைவர் பெயர்ப் பட்டியலைப் பார்த்து, "பரவால்லையே வெண்டல்" என்றார். அவருக்குப் பட்டியல் போதும். பையன்கள் ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாமல், "டேய் நீலச் சட்டை, பந்தைக் குடுடா" என்று கத்திக்கொண்டிருக்கிறார்கள். என் வேலை ஒரு வருடத்துக்குத் தப்பித்தது. சந்தோஷப்பட வேண்டியவன் ஏன் இப்படி அறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருக்கிறேன் என்று லோரெய்ன் கேட்கிறாள். காரணத்தைச் சொல்கிறேன்.

வியாழக்கிழமை ஏபெல் லுண்ட் வந்து சேர்ந்தான். தனியாக வரவில்லை. ஹால்வர்சன் தன் வேனில் சாமான்களை ஏற்றிக்கொண்டு பதினொரு மணி நேரம் ஓட்டி வந்திருக்கிறார். தன் அணியிலிருந்து நான் பறித்துக்கொண்ட பையனைத் தானே கொண்டுவந்து விடுகிறார்! பெட்டிகளைப் படியேற்றினார், பையனின் கட்டிலுக்குத் திருகாணி முடுக்கினார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"இடது கணுக்கால கட்டாம இறக்காதீங்க கோச். நல்லாருக்குன்னு பொய் சொல்லுவான். தோத்தா பேசமாட்டான், அப்ப கேள்வி கேக்காதீங்க. கார்ல ஏத்திட்டு ஒரு சுத்து சுத்துங்க, ஐஸ்கிரீம் கடை தாண்டறதுக்குள்ள அவனே ஆரம்பிப்பான். காலைல ஆறு மணிக்கு முன்னூறு பந்து எறிவான். ரெண்டு வருஷமா நான்தான் பந்து எடுத்துக் குடுத்தேன். இனிமே யாருன்னு நீங்க முடிவு பண்ணிக்குங்க" என்றார்.

என் மேல் கோபம் இல்லையா என்று கேட்டேன். "இல்லாம? நெறயவே இருக்கு. வர்ற வழியெல்லாம் உங்கள திட்டிட்டேதான் வந்தேன். அதுக்குப் பையன் என்ன பண்ணுவான்?" என்றார். இரவு தங்கச் சொன்னேன், இறைச்சி ரொட்டி இருக்கிறது என்றேன். குழந்தைகள் தேடும் என்று சொல்லிவிட்டு உடனே கிளம்பினார். வேன் திரும்பும்போது ஏபெல் கையை ஆட்டவில்லை, அப்படியே நின்றான்.

ராய்ஸ், கீயன் போனபோது நான் என்ன செய்தேன் தெரியுமா? பெயர் கொடுத்துவிட்டேன் என்று அவன் சொல்லிவிட்டுப் படி இறங்குவதற்குள் பயிற்சிக்கூடக் கதவு அவன் அட்டைக்குத் திறக்காதபடி செய்யச் சொன்னேன். அவன் லாக்கரில் இருந்ததையெல்லாம் கறுப்புக் குப்பைப் பையில் போட்டு வாசலில் வைக்கச் சொன்னேன். எல்லாக் கல்லூரியிலும் செய்வதுதான், நீயும் செய்திருப்பாய். மறுநாள் அவன் வந்து, அட்டையை மூன்று தடவை தேய்த்துப் பார்த்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு கார் நிறுத்துமிடத்தில் நின்றான். ரொம்ப நேரம் நின்றான். நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் இருந்தேன். இறங்கிப் போகவில்லை. மூன்று வருடம் என்னோடு இருந்த பிள்ளை, ராய்ஸ். நான் இறங்கிப் போகவில்லை.

அதனால் அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இன்றைக்கு உன்னிடம் சொல்கிறேன். தயவுசெய்து இதைப் பத்திரமாக வைத்துக்கொள்.

அவனுக்கு ரெனிடா என்று ஒரு தங்கை, பதினாலு வயது. காது கேட்காது. ஆட்டத்தின் நடுவே அவன் விரல்களை மடக்கி நீட்டிக் காட்டுவான், யாரையோ கேலி செய்கிற மாதிரி இருக்கும். அவளோடுதான் பேசுகிறான். முதல் வருடம் ஒரு நடுவர் தன்னைக் கிண்டல் செய்கிறான் என்று நினைத்து ஃபவுல் கொடுத்தார். நானும் கேட்டு விசாரிக்காமல் அவனை ஆறு ஆட்டம் பெஞ்சில் உட்கார வைத்தேன். அவனும் வாயைத் திறக்கவில்லை. ஏழாவது ஆட்டத்துக்கு அந்தப் பெண்ணே என் முன்னால் வந்து நின்று, ஒரு காகிதத்தில், "என் அண்ணன் திமிர் பிடித்தவன் இல்லை" என்று எழுதிக் காட்டினாள். நீ அந்தத் தப்பைச் செய்யாதே. நடுவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. அவர்கள் வீடு இருக்கிற கேரி நகரத்திலிருந்து உங்கள் ஊர் ரொம்பத் தூரம். எப்போதாவதுதான் வருவாள். வரும்போது உன் பெஞ்சுக்குப் பின்னால் உட்கார வைத்துவிடாதே, எதிர்ப்பக்கம் இடம் கொடு. அவனுக்கு அவள் கை தெரிய வேண்டும்.

சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன் என்பான். நம்பாதே. நாலு பேர் முன்னால் திட்டினால் தாங்கிக்கொள்வான், நாலு பேர் முன்னால் புகழ்ந்தால் அடுத்த நாள் கூடையில் பந்தே விழாது. எதையும் தனியாகச் சொல். உங்கள் ஊரில் இருபதாயிரம் பேர் கத்துவார்கள், இங்கே மூவாயிரம். முதல் சில ஆட்டங்களில் தடுமாறுவான். உடனே அடுத்த பையனைத் தேடி ஓடாதே. அவனுக்கு ஜனவரி வரை அவகாசம் கொடு.

நீ நன்றாக இரு. உன் அணி ஜெயிக்கட்டும், அவன் கையால் ஜெயிக்கட்டும். நான் எழுதியதை அவனிடம் சொல்ல வேண்டாம். நான் அவனை விசாரித்தேனா என்று அவன் கேட்க மாட்டான், அவன் சுபாவம் அப்படி. ஒருவேளை என்றைக்காவது கேட்டால், ஆமாம் என்று சொல்.

அன்புடன்,
வெண்டல்