பெரிய ஆட்களின் டார்ட்டன்

செயின்ட்-மிஷேல்
07.04.2024

அன்பு மகள் ஜெசிக்காவுக்கு,

மாதாவின் காவலில் சுகமாய் இருப்பாய். தொலைபேசியில் கதைத்தால் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது, அதனால் எழுதுகிறேன். உன் கலியாணத்துக்குத் தங்கள் ஆண்களெல்லாம் ஸ்கொட்லாந்துக் கில்ற் கட்டுகிறார்கள், நானும் கட்ட வேண்டும் என்று மாப்பிள்ளை இயனின் தகப்பன் கேட்டார். முழங்கால் தெரியப் பாவாடை கட்டுவதா என்று முதலில் கூசியது. உனக்காக வாடகைக் கடைக்குப் போனேன்.

அங்கே ஒரு புத்தகம். ஒவ்வொரு வம்சத்துக்கும் ஒவ்வொரு நிறக் கட்டம் போட்ட கில்ற் துணி, அதுதான் டார்ட்டனாம். எனக்குப் பிடித்துப் போனது. இதில் யார் பெரிய ஆட்கள் என்று கேட்டேன், கடைக்காரன் சிரித்தான். வம்சம் இல்லாதவர்களுக்கு ஒரு கரும்பச்சைத் துணி உண்டாம், யாரும் கட்டலாமாம். நமக்கு அது சரிவராது. தலைவர் பரம்பரையின் சிவப்பைப் பதிந்துவிட்டேன். இயனின் அப்பம்மா என்ன ஆட்கள் என்றும் தகப்பனிடம் விசாரித்தேன். நாளைக்கு நமக்கு ஒரு சொல் வரக்கூடாது.

உன் அப்பா,
வலன்ரைன்

லொங்குய்ய்
14.04.2024

அப்பா,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். குமட்டியது. தன் தாய் நல்ல ஆட்களா என்று நீங்கள் கேட்டதை இயனின் தகப்பன் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது.

டிலக்ஷன் அண்ணை அஜிதா அண்ணியை முதல்முதல் கூட்டி வந்த அன்றும் இதைத்தான் கேட்டீர்கள். “ஊரில எந்தக் கோயிலடி, பிள்ளை?” கோயிலைச் சொன்னால் சாதி தெரிந்துவிடுமே. அவர் பதில் சொன்னதும் உங்கள் முகம் மாறியது. அவர்கள் வாசல் தாண்டியதும் அண்ணி குடித்த கோப்பையைக் குப்பையில் போட்டீர்கள், நற்கருணை வாங்குகிற அதே கையால். கார்த் திறப்பை மறந்து திரும்பி வந்த அண்ணை அதைக் கண்டார். ஏழு வருடமாக அவர் உங்கள் படியேறவில்லை.

கில்ற் கட்டுங்கள். அந்தப் பச்சையைக் கட்டுங்கள். அதற்கு முன் அவர்கள் இருவரையும் நீங்களே போய்க் கலியாணத்துக்குக் கூப்பிடுங்கள். இல்லையென்றால் கோயிலில் என் கைபிடித்துப் பீடம் வரைக்கும் என்னோடு நடக்க வேண்டாம்.

ஜெசிக்கா

செயின்ட்-மிஷேல்
21.04.2024

மகள்,

வெள்ளைக்காரன் தன் வம்சத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு ஊர்வலம் போனால் பெருமை. நான் ஒரு வார்த்தை கேட்டால் உனக்குக் குமட்டுகிறதோ? அஜிதாவின் விசயம் வேறு. அவர்கள் வந்து நின்றால் பங்குச் சனம் என்ன கதைக்கும்? நான் கூப்பிட மாட்டேன். தகப்பன் உயிரோடு இருக்க நீ தனியே நடக்கவும் மாட்டாய், எனக்குத் தெரியும். இடுப்பு நாற்பத்திரண்டு என்று அளவு கொடுத்தாயிற்று. கம்பளிக் காலுறையும் எடுத்துவிட்டேன்.

அப்பா

லொங்குய்ய்
28.04.2024

அப்பா,

அண்ணையிடம் போய்க் கேட்டேன். அவர் என்னோடு நடக்கிறார்.

கேட்க வெட்கமாக இருந்தது. அன்றைக்குக் குசினி வாசலில் நின்று எல்லாம் பார்த்தவள் நான். வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகும் ஞாயிறு தவறாமல் உங்கள் மேசையில் சாப்பிட்டேன். உங்களை நினைத்தால் வருகிற அருவருப்பு என்னை நினைத்தாலும் வருகிறது.

எந்தத் துணியையும் கட்டிக்கொண்டு வாருங்கள், தடுக்க மாட்டேன். கோயிலில் உங்களுக்கென்று ஒரே ஒரு இடம் வைத்திருக்கிறேன். முன்வரிசையில், அஜிதா அண்ணிக்குப் பக்கத்தில்.

ஜெசிக்கா