இரண்டு கண்ணுக்கும் ஒரு படம்

ஜனவரி 19

வலது கண்ணின் கட்டைப் பிரித்தார்கள். புரை போய்விட்டது. மாடி ஜன்னலில் சாமுண்டி மலை இவ்வளவு கிட்டவா இருந்தது? இடது கண்ணுக்கு அடுத்த மாதம்.

ஜனவரி 21

மாடியில் வரைந்துகொண்டிருக்கும் படத்தைப் பார்த்தேன். ஒரு வருஷ வேலை. இடப்பக்கம் பாரமாகக் கறுப்பு, வலப்பக்கம் அகலமாக வெள்ளை. ஒன்று மற்றதைச் சாய்க்காமல் நிற்க வேண்டும், அதுதான் படம். புதுக் கண்ணுக்கு அந்த வெள்ளை பளீரென்று நீலம். புரை வழியாகப் பார்த்தபோது எல்லாம் மஞ்சளடித்தது. வெள்ளையாக்கத்தான் நீலம் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறேன். இடது கண்ணால் மட்டும் பார்த்தால் பழையபடி சரியாக இருக்கிறது. வலது கண்ணில் கறுப்பு தோற்றுக் கிடக்கிறது. எது என் படம்?

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "எனக்கு அது எப்பவுமே நீலந்தான். நீ வெள்ளைன்னே. வரையறவ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

பிப்ரவரி 3

நீலத்தின் மேல் வெள்ளை பூசினேன். செத்துப்போய்த் தெரிந்தது. சுரண்டி எடுத்தேன்.

பிப்ரவரி 10

இடது கண் இன்னும் ஒரு மாதம் பொறுக்கட்டுமா என்று டாக்டரிடம் கேட்டேன். ரெண்டு கண்ணும் ரெண்டு விதமாகப் பார்க்கும்போதே இதை முடிக்கணும்.

"பேடம்மா, வேண்டாம், தள்ளிப் போடாதீங்க. லிங்கப்பன் சார், நீங்களாவது சொல்லுங்க."

இவர் வீட்டுக்கு வந்துதான்: "நேத்தும் மாடிப்படியில தடுமாறினே, பூவாத்தா. விழுந்தா எந்தக் கண்ணால வரைவே?"

விழுந்துதான் தொலையறேன்னு கத்திட்டேன். ஏன் கத்தினேன் — அவர் சொன்னது சரி, அதனாலதான்.

பிப்ரவரி 11

காலையில் பார்த்தால் ஒவ்வொரு படி விளிம்பிலும் மஞ்சள் டேப் ஒட்டியிருக்கிறார்.

மார்ச் 6

கறுப்பின் அடியில், ஓரமாக, உள்ளங்கை அளவு செங்காவி வைத்தேன். ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை மூடி, மாற்றி மாற்றிப் பார்த்தேன். ரெண்டிலும் நின்றது. அமைதியாக இல்லை — நீலம் இழுக்கிறது, காவி விடமாட்டேன் என்கிறது. ரெண்டு பக்கமும் சத்தமில்லாமல் இருந்தால்தான் சமநிலை என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேனே.

மார்ச் 7

இடது கண்ணுக்கு நாள் கேட்டு டாக்டருக்கு இவரே போன் போட்டார். போடச் சொன்னது நான்தான்.

மார்ச் 24

ரெண்டு கண்ணும் தெளிவு. பழைய பார்வை இனி இல்லை. அந்தப் படத்தில் கை வைக்கவில்லை.

அடுத்த படத்துக்குச் சட்டத்தில் புதுத் துணி கட்டி, சிவப்பில் ஆரம்பித்தேன். மாடியில் ஒரு நிமிஷத்துக்கு மேல் நிற்காத மனுஷர், நாற்காலியைத் தூக்கிவந்து ஜன்னலோரம் போட்டுப் பேப்பர் படித்தார்.

"அந்த செவப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு," என்றார், யாரும் கேட்காமலே.

"இருக்கட்டுங்க."

"சரி, இருக்கட்டும்." பக்கத்தைப் புரட்டினார்.

நான் இன்னும் கொஞ்சம் சிவப்பு ஏற்றினேன்.