பாப்பா பெயருக்கு ஒரு அர்ச்சனை

வெள்ளிக்கிழமை, தேர் நிலைக்கு வந்த இரவு

வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்டு பெரம்பலூருக்குப் போன என் தங்கை செல்வி, ஆறு வருடம் கழித்து இன்று தேருக்கு வந்திருந்தாள். கூடவே அவள் மகள். அந்தக் குழந்தையை நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

கோயில் வாசலில் அர்ச்சனைத் தட்டை என்னிடம் நீட்டினாள். "பாப்பா பேரு இனியா. அவ பேருக்கு ஒரு அர்ச்சனை பண்ணிட்டு வந்துடுண்ணே. நான் உள்ள வந்தா சித்தப்பா சத்தம் போடுவாரு."

உள்ளே பூசாரிக்குப் பக்கத்திலேயே சித்தப்பா நின்றிருந்தார்.

"யார் பேருக்குங்க?" என்று பூசாரி கேட்டார். சித்தப்பா என்னையே பார்த்தார்.

"சாமி பேருக்கே பண்ணிடுங்க" என்றேன்.

இனியா யாரென்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. தாராளமாகச் சொல்லியிருக்கலாம். அதற்குக்கூட எனக்கு வாய் வரவில்லை.

வெளியே வந்ததும், "பேரு சொன்னியாண்ணே?" என்று செல்வி கேட்டாள்.

"சொன்னேன்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. குங்குமத்தை எடுத்து மகளின் நெற்றியில் வைத்து, "மாமா கால்ல வுழுந்து கும்பிட்டுக்கம்மா" என்றாள். குழந்தை விழுந்து கும்பிட்டது. நானும் அதன் தலையில் கை வைத்து, நல்லா இரு என்றேன்.