உன் முன்னால் படித்த அறிக்கை

இன்று காலை உங்கள் குப்பத்துக்குப் போகும் படகில் மருந்துப் பெட்டியைத் திறந்ததும் ஸ்பிரிட் வாடை குப்பென்று அடித்தது. நீ இருந்திருந்தால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, இதற்கு எங்கள் கருவாடே தேவலை என்று சொல்லியிருப்பாய். ஈர இறால் கூடையை என் வெள்ளைக் கோட்டில் தேய்க்கிறவள் பேசுகிற பேச்சா இது என்று நானும் திட்டியிருப்பேன்.

நாம் சந்தித்ததே சண்டையில்தான். வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்று உங்கள் குப்பத்தில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் முகாம் நடத்தியது. பதினான்கு நாளுக்கு ஒருமுறை, செவ்வாய்க்கிழமை. மொழிபெயர்ப்பதும் அறிக்கை எழுதுவதும் என் வேலை; வெள்ளைக் கோட்டு முகாமில் எல்லோருக்கும் உண்டு. பாதிக் குடும்பங்கள் முகாம் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. 'ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதி அனுப்பிவிட்டேன். அதைப் படித்துவிட்டு, முகாமை நிறுத்திவிடலாமா என்று பார்க்க வெளிநாட்டிலிருந்து ஓர் அம்மையார் வந்து இறங்கினார்.

ஊர்க் கூட்டத்தில் நீ எழுந்தாய். உனக்கு அப்போதே சர்க்கரை. காலில் ஆறாத புண். "இன்னா எழுதிக்கிற எங்களப் பத்தி? படி," என்றாய். படித்தேன். பிறகு நீதான் விளக்கினாய். ஏரியில் வலை போட உங்களுக்குள் முறை உண்டு, பாடு என்பீர்கள். ஒரு நாள் பாதிக் குடும்பங்களின் பாடு, மறுநாள் மற்ற பாதியின் பாடு. ஆண்கள் வலைக்குப் போனால் பெண்கள் மீனோடு சந்தைக்கு. பதினான்கு இரட்டைப்படை என்பதால் ஒவ்வொரு முகாமும் உங்கள் பாதியின் பாடு நாளிலேயே வந்து விழுந்திருக்கிறது. நான் பழவேற்காட்டுக் கடைத்தெருவில் பிறந்தவள். ஏரியைப் பார்த்தே வளர்ந்தும், உங்களை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது.

அம்மையார் வருத்தம் தெரிவித்தார். நீ விடவில்லை. "காசு குடுக்கறவங்களுக்கு பதில் சொல்றீங்க. மாத்திர துன்றது நாங்க. எங்களுக்கு யார் பதில் சொல்றது?" அதை இங்கிலீஷில் கொஞ்சம் பதமாகச் சொல்லப் பார்த்தேன். உனக்கு அந்த மொழி தெரியாவிட்டாலும் என் முகம் காட்டிக்கொடுத்துவிட்டது. உள்ளது உள்ளபடி சொல்லு என்று அதட்டினாய். சொன்னேன்.

முகாம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை என்று மாறியது; ஒற்றைப்படை என்பதால் ஒரு முகாம் விட்டு ஒரு முகாம் உங்கள் பாதிக்கும் கிடைத்தது. ஊர் முன்னால் தமிழில் படிக்காமல் எந்த அறிக்கையும் கடல் தாண்டாது என்றும் முடிவானது. நீ முதல் ஆளாக வந்து உட்கார்ந்து வரிக்கு வரி குடைவாய். சில நாள் உன்னைப் பார்த்தாலே எரிச்சல் வரும். ஆனால் புண் ஆறியதும் அந்தக் காலை என் முன்னால் நீட்டி, "பாருடி, இதையும் எழுது," என்று சிரித்தாயே, அன்றைக்கு எரிச்சலெல்லாம் போய்விட்டது.

போன மழைக்காலத்தில் நிறுவனத்தின் கிடங்கில் ஏதோ குளறுபடி. இரண்டு மாதம் மருந்து வரவில்லை. இருந்த மாத்திரையை நீ பாதி பாதியாக உடைத்துப் போட்டுக்கொண்டது எனக்குத் தெரியாது. மறுபடி கால் புண், காய்ச்சல். ஆஸ்பத்திரியில் சேர்த்த நாலாம் நாள் போய்விட்டாய்.

அந்த முறை அறிக்கையில் உன்னை 'தொடர்பில் இல்லாதவர்', அதாவது முகாமுக்கு வராமல் நின்றுவிட்டவர், என்ற கட்டத்தில் போடச் சொன்னது அலுவலகம். மறுபேச்சுப் பேசாமல் போட்டேன். ஊர் முன்னால் படித்தபோது, கூட்டத்தில் வாயே திறக்காத உன் வீட்டுக்காரர் எழுந்தார்.

"வராம இல்லம்மா. செத்துட்டா. மருந்து இல்லாத மாசத்துல செத்துட்டா. அப்டியே எழுது."

எழுதினேன். அந்த வரியை எடுத்துவிடச் சொல்லி மூன்று முறை ஃபோன் வந்தது. ஊர் சொன்ன வரியை ஊர்தான் எடுக்க முடியும் என்று சொல்லிவிட்டேன். வரி அப்படியே போனது. இப்போது மூன்று மாத மருந்து உங்கள் குப்பத்திலேயே இருக்கிறது; அலமாரிச் சாவி உங்கள் பெண்களிடம்.

இன்னும் எத்தனையோ காகிதங்களில் கையெழுத்துப் போடுகிறேன். ஒவ்வொரு தடவையும், இதை உன் வீட்டுக்காரர் முன்னால் நின்று படிக்க முடியுமா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். முடியாது என்றால், கிழித்துவிட்டு வேறு எழுதுகிறேன்.