சிந்து அக்கா சொன்ன நான்கு பதில்கள்

ஈஜிபுரா, பெங்களூர்
22-8-1999

அன்புள்ள சிந்துவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், மழை வந்தால் அவருக்கு முட்டிவலியும் கூடவே வந்துவிடுகிறது, அவ்வளவுதான். பூனாவில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, சளி விட்டதா என்று ஒளிக்காமல் எழுது. ஹாஸ்டல் சப்பாத்தி அலுத்துப்போயிருக்கும், பருப்புப்பொடி அரைத்து வைத்திருக்கிறேன், யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறேன். அப்பாவுக்கு பொம்மசந்திரா பாக்டரியில் இந்த மாதம் முழுக்கக் காலை ஷிப்ட், சாயங்காலம் வீட்டில்தான் இருக்கிறார்.

இப்போது ஒரு விஷயம், கோபித்துக்கொள்ளாதே. நீ வேலைக்குப் போன பிறகும், உன்னிடம் பாடம் கேட்க வரும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஹோம்வொர்க் நோட்டோடு வாசலில் வந்து நின்றார்கள். அக்கா இல்லை என்று திருப்பி அனுப்ப எனக்கு வாய் வரவில்லையடி, நீ இல்லாமல் வீடு வெறிச்சென்று கிடந்தது. எட்டாவது படித்த நான் பதில் சொன்னால் நம்புவார்களா? அதனால் அக்கா போனில் சொன்னாள் என்று உன் தலையில் போட்டே எல்லாம் சொன்னேன். கணக்கு அப்பா பொறுப்பு, மிச்சத்துக்கு ஓசூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பொது அறிவுப் புத்தகம் வாங்கினேன். இரண்டு மாதம் வண்டி நன்றாகத்தான் ஓடியது.

போன வாரம் மாடி வீட்டு தீபிகா, ஆறாவது படிக்கிறாளே, அவள் வந்து நம் மாநிலத்தின் பறவை, விலங்கு, மரம், பூ எது என்று கேட்டாள். நான் புத்தகத்தைப் பார்த்து மரகதப்புறா, வரையாடு, பனைமரம், செங்காந்தள் என்று கடகடவென்று ஒப்பித்தேன். நாலும் தமிழ்நாட்டுக்கு! இங்கே வந்து இருபத்தாறு வருஷம், ரேஷன் கார்டு இங்கே, ஓட்டு இங்கே, என் புத்தி மட்டும் ஓசூரைத் தாண்டிப் போய்விட்டது. மிஸ் நாலையும் சிவப்பு மையில் அடித்து, யார் சொன்னது என்று கேட்டிருக்கிறார்கள். இவள், சிந்து அக்கா சொன்னா தப்பா இருக்காது மிஸ் என்று எதிர்த்துப் பேசி, ஒரு பீரியட் முழுக்க வெளியே நின்றாளாம். அவள் அம்மா வனஜா வந்து சொன்னதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் நல்ல பேரைக் கெடுத்துவிட்டேனே என்று அழுதேன். ஊர்ப் பிள்ளைங்களுக்குப் பதில் சொல்லலேன்னு யாருடி அழுதாங்க என்று அப்பா வேறு கத்தினார். மூன்று நாள் ஒரு பிள்ளையும் வரவில்லை.

நாலாம் நாள் நானே மாடி ஏறிப் போய் தீபிகாவிடம், அக்கா சொல்லவில்லை, நான்தான் சொன்னேன், திட்டுவதானால் என்னைத் திட்டு என்றேன். அவளோ, எனக்கு மொதல்லயே தெரியும் ஆன்ட்டி, அக்கா சொன்னா ஏன்னும் சேத்து சொல்லும், நீங்க சும்னே, வெறும் பதில மட்டும் சொல்வீங்க என்றாள். பிறகு ஏன் அக்கா பேரைச் சொன்னாய் என்றேன். உங்க பேரச் சொன்னா மிஸ் உங்களக் கூப்ட்டுத் திட்டுவாங்க, அக்காவத் திட்டினா பூனா வரைக்கும் கேக்காதில்ல என்றாள். அவளைக் கட்டிக்கொண்டேன், வேறென்ன செய்ய.

நேற்று மறுபடி நோட்டோடு வந்தாள். பால் பொங்கி வழிகிறது, தண்ணீர் ஏன் அப்படி வழிவதில்லை என்று கேள்வி. தினமும் இரண்டையும் காய்ச்சுகிறவள் நான், தெரியாதும்மா என்று நேராகவே சொல்லிவிட்டேன்.

தீர்க்காயுசாக, மனம் கோணாமல் இரு கண்ணே. எண்ணெய் தேய்த்துக் குளி. பால் கேள்விக்குப் பதிலை அடுத்த ஞாயிறுக்குள் கிடைக்கும்படி எழுது, ஏன் என்பதையும் சேர்த்து எழுது. இந்தத் தடவையாவது, அக்கா சொன்னாள் என்று நான் பொய்யில்லாமல் சொல்ல வேண்டும்.

உன் அம்மா,
அம்புஜம்