1970க்கு முந்திய திகதிகள்

இன்று காலையும் பார்த்தேன். என் கணவர் நெடுந்தீவிலிருந்து எனக்கு எழுதிய முதற் கடிதம் 2104ஆம் ஆண்டு புரட்டாதியில் எழுதப்பட்டதாகக் கணினித் திரை சொல்கிறது. மனிதர் இறந்து ஒன்பது வருடமாகிறது. கடிதம் எழுதப்பட்டது 1968 ஆவணியில். இது என் விடுதித் தோழியாகிய உம்முடைய வேலை. நீர் இறந்து ஆறு மாதமான பிறகும் உம்முடைய கவனயீனம் என் வீட்டில் வந்து கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறது.

இறந்தவரைப் பற்றி நல்லதாக எழுதப் பலர் இருக்கிறார்கள், எழுதியும் விட்டார்கள். கணினியின் அடித்தள மென்பொருளான கேர்ணலை எழுதுவோரின் மின்னஞ்சற் குழுவில் மூன்று நாட்கள் ஒரே புகழாரம். "எப்போதும் சிரித்த முகம்" என்று ஒருவர். சிரித்த முகத்தால் ஒரு கோப்பு முறைமை ஓடாது. அதை அவர்களுக்கு எழுதவில்லை. உமக்கு எழுதுகிறேன்.

உம்முடைய சிரித்த முகம் எனக்குக் கன்னியர் மட விடுதியிலேயே பழக்கம். வெள்ளிக்கிழமைகளில் யாழ்ப்பாணத்திலிருந்து ஒன்றாக பஸ்ஸில் ஊர்காவற்றுறைக்கு வருவோம். உம்மை அனலைதீவு வள்ளத்தில் ஏற்றிவிட்டு நான் சுருவிலுக்குப் போவேன். நீர் கடையில் நின்று கதைத்துக்கொண்டிருப்பீர். வள்ளம் நிறையச் சனம் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். "அந்தத் தங்கச்சி வரட்டும்" என்று ஓட்டி காத்து நிற்பார். ஒருநாள்கூட உம்மை விட்டுவிட்டுப் போனதில்லை. உலகம் தனக்காக நிற்கும் என்று நீர் நம்பியதற்கு அந்த ஓட்டியும் ஒரு காரணம்.

பிறகு பல்கலைக்கழகத்தில் கணிதம், பிறகு லண்டன். அங்கே ஒரு சிறிய கம்பனியில் பதினேழு வருடம் பக்கத்துப் பக்கத்துக் கதிரை. சிறிய பொறிகளின் வட்டில் கோப்புகளை அடுக்கிவைக்க ஒரு கோப்பு முறைமையை இருவரும் சேர்ந்து எழுதினோம். ஒவ்வொரு கோப்பும் எப்போது எழுதப்பட்டது என்பதை 1970 தை முதலாம் திகதியிலிருந்து எத்தனை விநாடி என்று ஓர் எண்ணாக வட்டில் பதிந்தோம். எண்ணுக்கு முப்பத்திரண்டு பிட், அதாவது முப்பத்திரண்டு இரும இலக்கத்துக்கான இடம், ஒதுக்கினோம். 1970க்கு முந்திய திகதி என்றால் எண்ணின் முன்னால் கழித்தற் குறி. 2038 தை மாதத்தில் அந்த இடம் நிரம்பிவிடும் என்பது அன்றைக்கே எங்கள் இருவருக்கும் தெரியும். "அதுக்கிடையில ஆராவது மாத்துவினம்" என்றீர். நானும் கையெழுத்திட்டேன். அதை மறைக்கவில்லை. முப்பது வருடம் அதற்காக வெட்கப்பட்டேன். நீர் வெட்கப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

கம்பனி மூடிய பின் அந்த வேலையைப் பொதுவில் விட்டார்கள். அது கேர்ணலுக்குள் போனது. அதைப் பராமரிக்கும் பொறுப்பு உமக்கு வந்தது. நீர் கனடாவுக்குப் போனீர், நான் ஊருக்கு வந்துவிட்டேன். மூன்று வருடங்களுக்கு முன் திருவிழாவுக்கென்று கனடாவிலிருந்து வந்து, என் குசினி மேசையில் மடிக்கணினியை விரித்துவைத்து, 2038ஐத் தாண்ட வழி கண்டுவிட்டதாகச் சொன்னீர்.

"கழித்தற் குறியை எடுத்து எறிஞ்சா எண் ரெண்டு மடங்கு. 2106 மட்டும் போகும். ஒரு சொல்லு மாத்தினாக் காணும்."

"1970க்கு முந்தின திகதிகள்?"

"உமக்கு விசரே? கணினியில கோப்பு எண்டே ஒண்டு இல்லாத காலத்துக் கோப்பு ஆரிட்ட இருக்குதப்பா?"

"என்னட்ட இருக்குது. அவரின்ர கடிதங்கள். ஸ்கான் பண்ணி, கடிதத்தில இருக்கிற திகதியையே கோப்புக்கும் போட்டனான். அப்பதான் ஒழுங்கா அடுக்குப்படும்."

"மனுசன் எழுதின காதல் கடிதத்துக்காக உலகத்துக் கேர்ணலை எல்லாம் மாத்தச் சொல்லுறீர்!"

"அவர் காதல் கடிதம் எழுதேல்லை. வகையீட்டுச் சமன்பாடு எழுதினவர்."

"அப்ப அழியட்டும், நல்லது!" என்று பிளேன்ரீ சிந்தச் சிந்தச் சிரித்தீர். நான் துணி எடுத்துத் துடைத்தேன். துடைத்துக்கொண்டே சொன்னேன்: "பக்கத்தில விநாடியின்ர பின்னத்துக்கு ஒரு எண் வைச்சிருக்கிறம். அதில ரெண்டு பிட் ஒரு நாளும் பாவிக்கேல்லை, சும்மா கிடக்குது. அதை எடும். 2446 மட்டும் போகும். பழசும் அழியாது."

"அது ஒரு மாத வேலை. 2106இல நீரும் நானும் இருக்கப் போறமே?"

இருக்கப் போவதில்லை. அதற்காகத்தான் சரியாகச் செய்ய வேண்டும். இருக்கப் போகிறவர் என்றால் பிழை வரும்போது எழுந்து போய்த் திருத்தலாம். இல்லாதவர் விட்ட பிழையை இன்னொருவர் சுமக்க வேண்டும். இந்தச் சின்ன விடயம் உம்முடைய அவ்வளவு பெரிய மூளைக்குள் நுழையவில்லை. கனடா திரும்பியதும் அந்த ஒரு சொல்லை மாற்றி அனுப்பினீர். உம்முடைய பெயரைக் கண்டதும் வாசிக்காமலே ஏற்றுக்கொண்டார்கள். அதன் பிறகு நான் உமக்கு எழுதவில்லை. நீரும் எழுதவில்லை.

பழைய பதிப்பையே ஓட்டிக்கொண்டிருந்த என் கணினிக்கு உம்முடைய மாற்றம் நீர் போன பிறகுதான் வந்து சேர்ந்தது. வந்த அன்றே கடிதங்கள் எல்லாம் அடுத்த நூற்றாண்டுக்குப் போய்விட்டன. வட்டில் இருக்கும் எண் இன்னும் அதே எண்தான். கழித்தற் குறியையும் எண்ணின் பகுதியாகவே வாசிக்கும் முறைதான் பிழை. ஆனால் வருகிற பதிப்பு பல வருடம் மாறாமல் இருக்கப் போகும் பதிப்பு. அந்தப் பதிப்பிலும் இந்தப் பிழை புகுந்துவிட்டால் அதுவே வழக்கமாகிவிடும். 2104இல் எழுதப்படும் கோப்புக்கும் என் 1968ஆம் ஆண்டுக் கடிதத்துக்கும் ஒரே எண். அதன் பிறகு எதை எதிலிருந்து பிரிப்பது?

இரண்டு மாதம் இருந்து, அந்த இரண்டு பிட்டையும் பயன்படுத்தித் திருத்தம் எழுதினேன். காற்றுக் காலம். மின்சாரம் போகும், சிக்னல் போகும். ஜன்னலோரம் நின்றால்தான் மின்னஞ்சல் போகும். குழுவிலிருந்து வந்த பதில் என்ன தெரியுமா? உம்முடைய கடைசி வேலையை இவ்வளவு விரைவில் அகற்றுவது மரியாதையாக இருக்காதாம். மாலை போட்ட படத்தை நகர்த்துவது போலப் பேசினார்கள். படித்தவர்கள்! எண் மரியாதை பார்க்குமா?

போன கிழமை உம்முடைய மகள் கனடாவிலிருந்து தொலைபேசியில் பேசினாள்.

"அன்ரி, அம்மா போய் ஆறு மாசந்தான். அவவின்ர கடைசி வேலையை ஏன் கிளறுறீங்கள்?"

"பிள்ளை, உம்மட அம்மாவை நான் கிளறேல்லை. அவ விட்ட பிழையைக் கிளறுறன்."

"நீங்கள் எப்பவும் இப்பிடித்தான் எண்டு அம்மா சொல்லுறவ."

"வேற என்ன சொன்னவ?"

"நீங்கள் சொல்லுறதுதான் சரியாம். அதுதான் தனக்குப் பத்தி எரியுதாம்."

அதை என்னிடம் சொல்ல உமக்கு இரண்டரை வருடம் இருந்தது. மகளிடம் சொல்லியிருக்கிறீர். கோழைத்தனம். வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவும் நேற்று எழுதினேன். மின்சாரம் போனதால் நிறுத்தினேன். இன்று மத்தியானம் குழுவின் பதில் வந்திருக்கிறது. யாரோ ஒருவர் கடைசியில் வாசித்துப் பார்த்திருக்கிறார். திருத்தத்தை ஏற்கிறார்களாம். ஒரேயொரு நிபந்தனை: அதனோடு ஒரு சோதனையும் சேர்த்துத் தர வேண்டும். வெறுங்கோப்பு ஒன்றுக்கு 1970க்கு முந்திய திகதி ஒன்றை இட்டு, வட்டைக் கழற்றி மறுபடி பொருத்தி, அதே திகதி திரும்ப வருகிறதா என்று பார்க்கும் சோதனை. வராவிட்டால் அந்தக் கேர்ணல் வெளியே போகாது.

கணவரின் கடிதத் திகதி ஒன்றை இடப் போனேன். விட்டுவிட்டேன். அது என் வீட்டு விடயம். ஊரார் கேர்ணலில் அதற்கு வேலையில்லை. எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்த வேறொரு திகதியை இட்டேன். 1946 கார்த்திகை பதினேழு.

லண்டனில் கால் வைத்த நாளிலிருந்து எல்லோரிடமும் பிறந்தது 1948 என்று சொல்லி வந்தீர். மரண அறிவித்தலிலும் 1948தான். உம்முடைய மகளுக்கே தெரியாது என்று நினைக்கிறேன். எனக்குத் தெரியும். விடுதியில் உமக்குப் பதினைந்து நிறைந்த அன்று உம்முடைய அம்மா கொடுத்துவிட்ட பயற்றம் பணியாரத்தில் ஆறு நான் தின்றேன். அனுப்பியதும், ஏன் இந்தத் திகதி என்று குழுவில் ஒருவர் கேட்டார். நிச்சயமாகத் தெரிந்த திகதி என்று பதில் எழுதினேன். அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை.

அனுப்புவதற்கு முன் சோதனையை ஒருமுறை ஓட்டிப் பார்த்திருந்தேன். வட்டைக் கழற்றி, பொருத்தி, வாசித்தேன். 1946 கார்த்திகை பதினேழு. ஒரு விநாடி பிசகவில்லை.

"பாத்தீரோ?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்.

குசினியில் ஒருவரும் இல்லை. அறுபது வருடமாக நான் சரி என்று காட்ட வேண்டியிருந்த ஒரே ஆள் நீர். இப்போது காட்டியாகிவிட்டது, பார்க்க நீர் இல்லை. இதற்கும் நீர் பிந்திவிட்டீர். காத்து நிற்கிறேன் என்று மட்டும் எண்ணிவிடாதையும். எனக்கு வேலை இருக்கிறது.