மாதா நிற பாட்டில்

என்னை இடுப்பை விட்டு இறக்காமல் வளர்த்த ஆரோக்கியம் அக்காவுக்கு,

உன் தம்பி சவரி எழுதுகிறேன். முதலில் நல்ல செய்தி. பயிற்சி முடிந்துவிட்டது. பட்டணத்து லேபிலேயே என்னை நிரந்தரமாக எடுத்துக்கொண்டார்கள். இனிமேல் நான் லேப் அசிஸ்டென்ட். "என் தம்பி பட்டணத்துல டாக்டருக்குப் படிக்கிறான்" என்று செஞ்சிச் சந்தை முழுக்கப் புளுகி வைத்தாயே, அதில் கால்வாசியாவது மெய்யாகிவிட்டது.

கேட்க நீதான் இல்லை. ஏன் இல்லை என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போன வாரம் வரை, மூன்று வருஷமாக யாரிடமும் சொல்லாததை, நாலு பேர் படித்தால் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

அந்த நீல பாட்டில் ஞாபகம் இருக்கிறதா?

லேபில் சேர்ந்த புதிதில் எனக்கு வேறு வேலையே தரவில்லை. கழுவு, கழுவு, கழுவு. சண்டைக் காலம் ஆயிற்றே, சீமையிலிருந்து கண்ணாடிச் சாமான் வருவது நின்றுபோயிருந்தது. காலி பாட்டில் ஒன்றைக்கூட எறிய மாட்டார்கள். குழாய்த் தண்ணீரில் இரண்டு தரம், காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு தரம், ஆக மூன்று அலசல். அது முடியாமல் எதையும் அலமாரியில் ஏற்றக் கூடாது. நான் கற்ற முதல் பாடம் அதுதான்.

ஈஸ்டர் பெரிய வாரத்துக்கு ஊருக்குக் கிளம்பிய அன்று, கழுவப் போட்டிருந்த குவியலில் அதைப் பார்த்தேன். லேபிள் இல்லை. கண்ணாடி மூடி, உடம்பெல்லாம் மேடுமேடாக வரி, நிறமோ நம் கோயில் மாதாவின் சேலை நிறம். அக்கா பூரித்துப்போவாள் என்று நினைத்தேன். கேட்டால் கொடுக்க மாட்டார்கள், அதனால் கேட்கவில்லை. அலசிப் பையில் போட்டுக்கொண்டு ரயிலைப் பிடிக்க ஓடினேன்.

"இன்னாடா இது, மாதா சேலையவே கிழிச்சிச் செஞ்சாப்ல இருக்குது!" என்று நீ அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாய். "நல்லா கழுவினியாடா?" என்றும் கேட்டாய். "மூணு தரம்" என்றேன். பெரிய சனிக்கிழமை கோயிலில் மந்திரித்த தண்ணீரை அதில்தான் பிடித்து வந்து, மாதா படத்துக்குப் பக்கத்தில் மாடத்தில் வைத்தாய். தலைவலியா, வயிற்றுவலியா, கெட்ட கனவா, எதற்கும் உனக்கு அதில் ஒரு மடக்கு.

நான் பட்டணம் திரும்பி ஒரு மாதம் போயிருக்கும். லேபில் ஒருநாள் பாடம். லேபிள் கிழிந்துபோனாலும், கண்ணே மங்கிப்போனாலும், தடவிய கைக்குத் தெரிய வேண்டும் என்றுதான் சில பாட்டிலுக்கு வரி வைக்கிறார்களாம். வரி வைத்த நீல பாட்டில் விஷத்துக்கு மட்டும். மற்றவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். எனக்குக் கை ஓடவில்லை.

அன்றே ஒரு கார்டு போட்டிருக்கலாம். அக்கா, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடு. நாலே சொல். போடவில்லை. கேட்காமல் எடுத்து வந்தது தெரிந்துவிடுமே என்ற வெட்கம். மாதா நிறம் என்று விஷ பாட்டிலைத் தூக்கி வந்த மடையன் என்று மாமா சிரிப்பாரே என்ற ரோஷம். மூன்று தரம் அலசினோமே, ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் மூன்றாவது தரம் அலசினேனா? சத்தியமாக எனக்கு ஞாபகம் இல்லை, அக்கா. ஒன்று தெரிகிறது, இரண்டு தெரிகிறது. அதற்கப்புறம் நான் தெருவில் ஓடிக்கொண்டிருக்கிறேன்.

ஆடியில் உனக்குக் காய்ச்சல் என்று கார்டு வந்தது. தெருவில் பாதிப் பேருக்குக் காய்ச்சலும் வாந்தியும் என்று அதிலேயே இருந்தது. அடுத்து வந்தது தந்தி. நான் வந்து சேர்ந்தபோது உன்னை மண்ணில் வைத்துவிட்டு எல்லாரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். "காச்ச நாளு பூரா அந்தத் தண்ணிதான் கேட்டா. தம்பி குடுத்த பாட்டில்லருந்து குடுன்னு கேப்பா" என்றார் அந்தோணி மாமா. உன் புருஷன் அதை எனக்கு ஆறுதலாகச் சொன்னார்.

அன்றிலிருந்து, லேபில் குழாயைத் திறந்தால் நீ என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுவிடுகிறாய். "எத்தினி தரம்டா?" என்று கேட்கிறாய். ஏழு தரம், எட்டு தரம் என்று அலசுவேன். தம்பிக்குச் சுத்தம் ஜாஸ்தி என்று கேலி செய்தார்கள். வழுவழுப்பான பாட்டிலைத் தொட்டாலும் என் விரலில் வரிதான் தட்டுப்படும்.

கடைசி வருஷம் விஷம் கண்டுபிடிக்கும் சோதனையைக் கற்றுக்கொடுத்தார்கள். தண்ணீரில் கொஞ்சம் அமிலம் விட்டு, அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஒரு வாயுவைச் செலுத்த வேண்டும். பாஷாணம் இருந்தால் மஞ்சளாகும். ஈயமோ பாதரசமோ இருந்தால் கறுக்கும். அடுத்த முறை ஊருக்கு வந்தபோது, மாமாவுக்குத் தெரியாமல் மாடத்து பாட்டிலிலிருந்து ஒரு குப்பி ஊற்றிக்கொண்டு போனேன்.

மஞ்சளாகவில்லை. கறுக்கவில்லை. மூன்று தரம் செய்து பார்த்தேன். தண்ணீர் தண்ணீராகவே நின்றது. லேப் நடுவில் நின்று ஓவென்று அழுதேன். வாயு கண்ணில் பட்டுவிட்டது என்று யாரோ ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தார்கள்.

போன வாரம் கல்லறைத் திருநாளுக்கு வந்தேன். மாமா களத்தில் உட்கார்ந்து, பிடுங்கிய வேர்க்கடலைச் செடியிலிருந்து மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தார். "இன்னா சவரி, மொகமெல்லாம் மலர்ந்து கெடக்குது?" என்றார். வேலை கிடைத்ததைச் சொன்னேன். பிறகு சும்மா பேச்சுவாக்கில், அக்கா பிடித்து வைத்த தண்ணீர் இன்னும் இருக்கிறதே மாமா என்றேன்.

"அதெங்க இருக்குது? அவ போன அன்னிக்கே அடியில ஒரு சொட்டு இல்லடா. வருசா வருசம் பெரிய சனிக்கு நான்தான் போயிப் புடிச்சாரேன். அது காலியா இருந்தா என்னால பாக்க முடியல."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நான் சோதித்தது நீ குடித்த தண்ணீரே இல்லை. நீ குடித்ததை இனி எந்த லேபிலும் சோதிக்க முடியாது.

அங்கேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வரி, விஷம், போடாத கார்டு, எல்லாம். மாமா கையிலிருந்த செடியைக் கீழே வைக்கவில்லை. ஒவ்வொன்றாக ஆய்ந்துகொண்டே இருந்தார். அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

"மூணு தரம் கழுவினேன்னு நீ சொன்னத அவ நம்புனான்னா நெனக்கிற?" என்றார் கடைசியில். "நீ அந்தாண்ட போனதும் மணலும் சாம்பலும் போட்டு குலுக்கு குலுக்குன்னு குலுக்கினா. வெந்நி ஊத்தி வேற அலசினா. அவன் கழுவுற லட்சணம் எனக்குத் தெரியாதான்னு சிரிச்சா."

அது நீ பேசுகிற பேச்சேதான். ஆனால் மாமா அதைச் சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. கோட்டை மலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். உன்னோடு பத்து வருஷம் குடித்தனம் பண்ணியவருக்கு உன்னைப் போலப் பேசத் தெரியாதா? நிஜமாகவே கழுவினாயா, அக்கா? இல்லை, பொய்யே சொல்லத் தெரியாத மனுஷன் எனக்காக ஒன்று சொன்னாரா?

நான் எழுந்திருக்காததைப் பார்த்துவிட்டு மாமா உள்ளே போனார். அந்த பாட்டிலை எடுத்து வந்து, என் எதிரிலேயே ஒரு மடக்கு குடித்துவிட்டு என்னிடம் நீட்டினார். வரி என் விரலில் பட்டது. கண்ணை மூடிக்கொண்டு நானும் குடித்தேன். "சரி வா, சாப்புடலாம்" என்றார்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். சொல்ல வேண்டியது ஒன்று தெரிந்தால், யார் சிரித்தாலும் அன்றே கார்டு போடுவேன். லேபில் இனி ஏழும் எட்டும் வேண்டாம், மூன்று தரம்தான் அலசுவேன். மூன்றாவதை மட்டும் உரக்க எண்ணுவேன். பின்னால் நிற்கிற உனக்குக் கேட்க வேண்டும்.

இன்னும் கை ஈரம் காயாத உன் தம்பி,
சவரி